மதுரைத் திட்டம்: தேட நம்பலாம், மேற்கோளுக்கு?

கோலாலம்பூரில் தமிழில் ஆய்வேடோ இடுபணியோ எழுதுகிறவர்கள் பழந்தமிழ்ப் பாடலுக்கு முதலில் நாடுவது பெரும்பாலும் மதுரைத் திட்டத்தைத்தான். 1998இல் தன்னார்வலர்கள் தொடங்கிய மின்தொகுப்பு. கட்டணம் இல்லை, பதிவு இல்லை. பாடல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க இதற்கு ஈடில்லை. அங்கிருந்து வெட்டி ஆய்வேட்டில் ஒட்டுவதுதான் வினை.

கோப்பைத் திறந்ததும் பாடலுக்குத் தாவாதீர்கள். தட்டச்சு செய்தவர், பிழை திருத்தியவர் பெயர்கள் முகப்பில் இருக்கும். எந்த அச்சுப் பதிப்பைப் பார்த்து ஏற்றினார்கள் என்ற குறிப்பு எல்லாக் கோப்பிலும் இல்லை. பழைய கோப்புகளில் பல சமயம் இருக்காது. குறிப்பு இல்லாத பாடல் வடிவத்துக்கு ஆய்வேட்டில் எடையில்லை. தேர்வாளர் "எந்தப் பதிப்பு?" என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இருக்காது.

தேடலிலும் ஒரு சூட்சுமம் உண்டு. இரண்டாம் குறள் சீர் பிரித்த பதிப்பில், அதாவது சொல்லை யாப்பின் ஓசைக்கேற்பப் பிரித்த பதிப்பில், "கற்றதனா லாய பயனென்கொல்" என்று நிற்கும்; "கற்றதனால்" என்று தேடினால் சிக்காது. சந்தியில் உடையாத சொல்லைத் தேடுங்கள்: "வாலறிவன்" போதும். அதே குறளின் "தொழாஅர்" என்பதைத் தட்டச்சுப் பிழை என்று நினைத்து "தொழார்" ஆக்கிவிடுகிறவர்கள் உண்டு. ஈரசைச் சீர் ஓரசையாகி வெண்பா தளை தட்டும், அதாவது சீர்களின் ஓசை இணைப்பு உடையும். சீர் பிரித்த வடிவமோ சொல் பிரித்த வடிவமோ, ஒன்றைத் தேர்ந்து முன்னுரையில் சொல்லிவிட்டுக் கடைசி வரை அதையே பின்பற்றுங்கள்.

புறநானூற்றில் இன்னும் கவனம் தேவை. 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவே இல்லை. வேறு சில பாடல்களில் அடிகள் சிதைந்துள்ளன. அச்சில் அந்த இடங்களைப் புள்ளிகள் காட்டும். அவற்றை அழித்தால் உடைந்த பாடல் முழுப்பாடல் போலத் தோன்றும். நீங்களாக ஒரு பகுதியை விட்டால் [...] என்று சதுர அடைப்புக்குள் இடுங்கள்; ஏடு இழந்தது எது, நீங்கள் விட்டது எது என்று படிப்பவருக்குத் தெரியும். உ.வே.சா. 1894இல் பதிப்பித்தபோது அச்சேறிய பழைய உரை 266ஆம் பாடலோடு நின்றுவிடுகிறது. 300ஆம் பாடலுக்குப் "பழைய உரைகாரர் கூற்று" என்று எழுதினால் யாரையோ பார்த்து எழுதியது அம்பலமாகிவிடும். பாடவேறுபாடுகளை (ஏட்டுக்கு ஏடு சொல் மாறும் இடங்களை) தரும் அடிக்குறிப்புகளையும் மின்வடிவத்தில் எதிர்பார்க்க வேண்டாம். சொல் ஒன்றின் மேல் வாதம் கட்டுகிறவர்களுக்கு இது பெரிய குறை.

ஆகவே வேலை இரண்டு கட்டம். இணையத்தில் பாடல் எண்ணையும் அடியையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மலாயாப் பல்கலைக்கழக நூலகத்தின் தமிழ் நூல்களில் அச்சுப் பதிப்பை எடுத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். நான்கு அடிப் பாடலுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. குறளுக்கு எண்ணோடு உரைகாரர் பெயரும் வேண்டும்: நாம் வழங்கும் எண் பரிமேலழகர் வைப்புமுறை, மணக்குடவரிடம் அதிகாரத்துக்குள் வரிசை மாறும்.

அச்சுநூல் கைக்கு எட்டவில்லையா? மின்பதிப்பையே சான்றாகக் காட்டுங்கள், கோப்பு எண்ணும் பார்த்த நாளும் சேர்த்து. பார்க்காத அச்சுநூலின் பக்க எண்ணை வேறொருவர் ஆய்வேட்டிலிருந்து எடுத்துப் போடுவது மட்டும் வேண்டாம்; அவர் வைத்திருந்தது வேறு பதிப்பாக இருந்தால் அந்தப் பக்கத்தில் வேறு பாடல் இருக்கும்.