நிக்கான் இசட் எஃப்: ஒன்றரை வருடம் கையில் வைத்திருந்த பிறகு

இந்த டிஜிட்டல் கேமராவை வாங்கிய முதல் வாரமே எழுதியிருந்தால் "ஆஹா, என்ன அழகு" என்று நாலு பக்கம் வந்திருக்கும். மூன்றாவது மாதம் எழுதியிருந்தால் விற்றுவிடலாமா என்ற யோசனையோடு எழுதியிருப்பேன். இப்போது இரண்டு மனநிலையும் போய்விட்டது, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். படத்தின் தரம் பற்றி அதிகம் பேசப் போவதில்லை, 24.5 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் சென்சார், இருட்டிலும் நன்றாக எடுக்கிறது, அவ்வளவு போதும். கையில் எப்படி உட்காருகிறது, டயல்கள் நிஜமாகவே உதவுகின்றனவா, எந்த லென்ஸ் போட்டால் சரியாக வரும், இதைத்தான் சொல்லவேண்டும். இந்த மூன்றும் ஒரே விஷயம்தான் என்று புரிய எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

2023 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட மாடல் இது. 1982-இல் வந்த எஃப்எம்2 ஃபிலிம் கேமராவின் சாயலில் செய்திருக்கிறார்கள். கும்பகோணத்தில் ஸ்டுடியோ வைத்திருந்த என் சித்தப்பாவிடம் அந்த எஃப்எம்2 இன்னும் இருக்கிறது, இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மேலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பிதான், ஆனால் தூக்கிப் பார்த்தால் தம்பி நன்றாகவே சாப்பிட்டு வளர்ந்திருக்கிறான். எஃப்எம்2 ஏறக்குறைய 540 கிராம், இது பேட்டரி, கார்டோடு 710 கிராம். சித்தப்பா கையில் கொடுத்தேன். கண்ணில் வைத்துப் பார்த்தார், ஒரு படம் எடுத்தார், உடனே அவருடைய வலது கட்டைவிரல் தானாகப் போய் பின்பக்கம் எதையோ தேடியது. "ரீல் தள்ற லீவர் எங்கடா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

சரி, கிரிப்புக்கு வருவோம். முன்பக்கம் ஒரு மெல்லிய மேடு, அவ்வளவுதான். அந்தக் கால வடிவம் வேண்டுமென்றால் அந்தக் காலப் பிடிதான் கிடைக்கும். நான் செய்த தப்பு, பாடியோடு (லென்ஸ் இல்லாத கேமரா) 24-120 எஃப்/4 ஜூம் லென்ஸை வாங்கியது. அந்த லென்ஸை எங்கும் குறை சொல்லமாட்டேன், ஓரம் வரை ஷார்ப், 35 சென்டிமீட்டர் வரை கிட்டப் போய் ஃபோகஸ் செய்யலாம், ஒரே லென்ஸில் கல்யாணத்தையே முடித்துவிடலாம். ஆனால் அது மட்டுமே 630 கிராம். பாடியோடு சேர்த்தால் 1,340 கிராம், அதுவும் எடை முழுக்க முன்னால் தள்ளி நிற்கும், பிடிக்க இருப்பதோ அந்த மெல்லிய மேடு. ஒரு கையில் தொங்கவிட்டு நடக்கவே முடியாது. திருகி மாட்டுகிற கிரிப் ஒன்றை வாங்கினேன், பிடிமானம் கிடைத்தது, எடை இன்னும் கூடியது. எதற்காக இந்தச் சின்ன அழகான பாடியை வாங்கினேனோ அதை நானே மூடி மறைத்த மாதிரி ஆகிவிட்டது. விற்றுவிடலாமா என்று யோசித்தது அப்போதுதான்.

என் மனதை மாற்றியது 40 எம்எம் எஃப்/2 லென்ஸ். 170 கிராம். பாடியில் மாட்டும் மவுண்ட் பிளாஸ்டிக், அபெர்ச்சரை (லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளை) மாற்றத் தனி ரிங் கிடையாது, கையில் எடுத்தால் பொம்மை மாதிரி இருக்கும். பாடியில் மாட்டிய நிமிடமே கிரிப் பிரச்சினை பாதிக்கு மேல் காணாமல் போனது, ஏனென்றால் இப்போது மொத்தமே 880 கிராம், எடையும் பாடிக்குள்ளேயே இருக்கிறது. இடது உள்ளங்கையில் பாடியின் அடிப்பக்கத்தை ஏந்திக்கொண்டு, அதே கையின் இரண்டு விரலால் லென்ஸைப் பிடித்தால் வலது கைக்கு வேலையே இல்லை, டயலைத் திருப்புவதும் ஷட்டரை அழுத்துவதும் மட்டும்தான். ஃபிலிம் கேமராவை எல்லோரும் இப்படித்தான் பிடித்தார்கள், சித்தப்பாவும் இப்படித்தான் பிடித்தார். கிரிப்பைக் கழற்றி பீரோவில் வைத்துவிட்டேன்.

இப்போது டயல்கள். பித்தளையில் செய்த மூன்று டயல்: இடப்பக்கம் ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன், ஏற ஏறப் படத்தில் புள்ளிகள் கூடும்), வலப்பக்கம் ஷட்டர் ஸ்பீட், ஓரத்தில் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் (படத்தைக் கொஞ்சம் வெளுப்பாகவோ இருட்டாகவோ ஆக்க). ஐஎஸ்ஓ டயலிலும் ஷட்டர் டயலிலும் நட்டநடுவில் லாக் பட்டன் உண்டு. திருப்பும்போது வரும் அந்த "டிக்" சத்தம் கேட்கவே சிலர் வாங்குவார்கள், நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். ஆனால் கடையில் யாரும் சொல்லாத ஒன்று: நீங்கள் ஏ மோடில் (அபெர்ச்சரை நாம் வைப்போம், ஷட்டர் ஸ்பீடை கேமராவே முடிவு செய்யும்) எடுக்கிற ஆள் என்றால் ஷட்டர் டயல் வெறும் அலங்காரம். அது 1/1000-இல் நிற்கும், கேமரா தன் பாட்டுக்கு 1/60-இல் எடுத்துக்கொண்டிருக்கும். டயல் சொல்வது ஒன்று, நடப்பது ஒன்று. மேனுவலில் எடுத்தால்தான் அந்த டயலுக்கு உயிர் வரும். அதிலும் முழு ஸ்டாப்தான், அதாவது ஒவ்வொரு படிக்கும் வெளிச்சம் இரண்டு மடங்கு அல்லது பாதி, நடுவில் வேண்டுமென்றால் டயலை 1/3 ஸ்டெப் என்ற இடத்தில் நிறுத்திவிட்டுப் பின்பக்கச் சக்கரத்தைத் திருப்பவேண்டும்.

ஐஎஸ்ஓ டயல் இன்னும் கொஞ்சம் விவகாரமானது. ஆட்டோ ஐஎஸ்ஓ போட்டிருந்தால் டயலில் இருக்கிற எண்தான் அடிமட்டம், அதற்குக் கீழே கேமரா போகாது. மயிலாப்பூரில் அறுபத்துமூவர் விழாவன்று ராத்திரி 3200-இல் வைத்துவிட்டு அப்படியே தூங்கிவிட்டேன். மறுநாள் காலை நல்ல வெயிலில் கோபுரத்தை எடுத்ததெல்லாம் ஐஎஸ்ஓ 3200. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் வானத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. முழுக்க என் தப்பு, எண் டயலில் கொட்டை எழுத்தில் இருக்கிறது, பார்த்தால்தானே! அன்றிலிருந்து பையிலிருந்து எடுத்ததும் மூன்று டயலையும் ஒரு தடவை பார்ப்பது பழக்கமாகிவிட்டது, ஸ்கூட்டரில் ஸ்டாண்டை எடுத்தோமா என்று பார்க்கிற மாதிரி.

அபெர்ச்சர் எண்ணைக் காட்ட மேலே ஒரு குட்டி ஜன்னல் இருக்கிறது, சுண்டுவிரல் நகம் அளவு. உபயோகமாகத்தான் இருக்கிறது. ஃபோகஸ் பாயின்டை நகர்த்த ஜாய்ஸ்டிக் இல்லை, பின்பக்கத் திசை பட்டன்தான். பறவை, விளையாட்டு எடுப்பவர்களுக்கு இது பெரிய குறை. எனக்கு முகம், கண் கண்டுபிடிக்கிற ஆட்டோ ஃபோகஸ் பாதி வேலையைச் செய்துவிடுவதால் பழகிவிட்டது. இரண்டாவது கார்டு மைக்ரோ எஸ்டி, அதுவும் பேட்டரி மூடிக்கு உள்ளே. எறும்பு மாதிரி இருக்கும் அதை மண்டபத்து வாசலில் நின்று மாற்றிப் பாருங்கள், தெரியும். உள்ளே போட்டு அப்படியே விட்டுவிடுவதுதான் நல்லது, பேக்கப்புக்கு மட்டும்.

ஷட்டர் டயலுக்குக் கீழே இருக்கும் கருப்பு வெள்ளை லீவரைப் பார்த்து முதலில் சிரித்தேன். ரா ஃபைலில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல்) எப்படியும் கலர் இருக்கத்தான் போகிறது, பிறகு மாற்றிக்கொள்ளலாமே, இதற்கு ஒரு லீவரா? ஆனால் லீவரைத் தள்ளியதும் வ்யூஃபைண்டரே கருப்பு வெள்ளையாகிறது. தாராசுரத்தில் ஒரு காலை வேளை, தூண் வரிசையில் சாய்வாக வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. கலரில் பார்த்தபோது கண் நேராகப் போனது ஒரு ஓரத்தில் கிடந்த நீல பிளாஸ்டிக் வாளியிடம். லீவரைத் தள்ளினேன், வாளி அடங்கிப் போனது, தூணில் இருக்கிற குட்டி நாட்டியப் பெண்களின் நிழல் மட்டும் நின்றது. கலரில் இருந்திருந்தால் அந்த ஃப்ரேமை நான் எடுத்திருக்கவே மாட்டேன்.

இதில் இன்னொரு சுவாரசியம். 40 எம்எம் லென்ஸின் ஃபில்டர் அளவு 52 எம்எம். அந்தக் காலத்து நிக்கான் லென்ஸ்களில் நிறைய இதே அளவுதான். சித்தப்பாவின் தகர டப்பாவில் இருந்த மஞ்சள் ஃபில்டர் கச்சிதமாக உட்கார்ந்தது. வானம் ஒரு படி கருத்து மேகம் எழும்புகிறது. ரா ஃபைலைத் திறந்தால்தான் எல்லாம் மஞ்சள் காமாலை வந்த மாதிரி இருக்கும்.

பழைய லென்ஸ் என்றதும் எல்லோரும் கேட்கிற கேள்வி அடாப்டர் பற்றித்தான். பழைய நிக்கான் லென்ஸ்களை இந்த பாடியில் மாட்ட உதவும் எஃப்டிஇசட் அடாப்டரில் மோட்டார் கிடையாது, அதனால் உங்களிடம் ஏஎஃப்-டி லென்ஸ் (தன்னிடம் மோட்டார் இல்லாமல் பாடியின் மோட்டாரால் ஃபோகஸ் ஆகும் பழைய வகை) இருந்தால் கையால்தான் ஃபோகஸ் செய்யவேண்டும், ஆட்டோ ஃபோகஸ் வரும் என்று நம்பி அடாப்டர் வாங்காதீர்கள். நான் மாட்டியது 105 எம்எம் எஃப்/2.5, முழு மேனுவல், இதற்கும் 52 எம்எம் ஃபில்டர். மெனுவில் ஃபோகல் லெங்த்தும் அபெர்ச்சரும் பதிந்துவைத்தால் பாடியின் நடுக்கத்தடுப்பு இந்தக் கிழட்டு லென்ஸுக்கும் வேலை செய்கிறது. மேனுவல் லென்ஸ் போட்டாலும் கேமரா முகத்தைக் கண்டுபிடித்துக் கட்டம் போடுகிறது, ஜூம் பட்டனை அழுத்தினால் நேராகக் கண்ணுக்குப் போகிறது, ரிங்கைத் திருப்பிச் சரிசெய்து எடுக்கவேண்டியதுதான். என் தங்கச்சி மகள் ஐந்து வயது, ஒரு இடத்தில் நிற்கமாட்டாள், அவளை எடுத்தால் பத்துக்கு மூன்று தேறும். அம்மாவை எடுத்தால் பத்துக்குப் பத்து, ஏனென்றால் அம்மா கேமராவைப் பார்த்ததும் பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி நின்றுவிடுவார்.

அந்த 105-ஐ பழைய லென்ஸ் விற்கும் ஒருவரிடம் வாங்கியபோது முதலில் கொடுத்ததில் பின் கண்ணாடியில் ஃபங்கஸ் இருந்தது. அங்கே ட்யூப் லைட்டில் தெரியவில்லை, வீட்டில் மொபைல் டார்ச்சைக் குறுக்காக அடித்துப் பார்த்தபோது சிலந்தி வலை மாதிரி தெரிந்தது. திருப்பிக் கொடுத்து வேறு வாங்க இரண்டு வாரம் அலைந்தேன். சென்னை ஈரப்பதத்துக்கு டிரை கேபினட் (ஈரம் புகாமல் லென்ஸை வைக்கும் பெட்டி) ஆடம்பரம் இல்லை, வீட்டில் அரிசி டப்பா மாதிரி அவசியமானது.

இப்போது பையில் இருப்பது 40, 105, அப்புறம் 28 எம்எம் எஃப்/2.8. இந்த 28-க்கும் 52 எம்எம் ஃபில்டர்தான், சந்து மாதிரி ஒடுங்கிய இடத்துக்கு. 24-120-ஐ விற்கவில்லை, சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்றால் கிரிப்போடு அது வெளியே வரும், மறுநாள் இரண்டும் பீரோவுக்குப் போய்விடும். பெரிய ஜூம்களோடுதான் உங்கள் பொழுது என்றால் நிக்கானின் இசட்6 III பக்கம் போங்கள், பிடிக்க ஒழுங்கான கிரிப் இருக்கிறது, ஜாய்ஸ்டிக்கும் இருக்கிறது. 26 எம்எம் பான்கேக் (தட்டையான லென்ஸ்) ஒன்று 125 கிராமில் இருக்கிறது, தினமும் இரவு அதன் விலையைப் பார்த்துவிட்டுத்தான் தூங்குகிறேன். 28 இருக்கும்போது 26 எதற்கு என்று வீட்டில் கேட்டால் சொல்ல பதில் இன்னும் தயாராகவில்லை.