குழந்தைகளுக்கான செஃப் தொப்பி, ஏப்ரன் துணித்தொகுப்பு வாங்க நினைப்போர் கவனத்துக்கு

குழந்தைகளுக்கான செஃப் தொப்பியையும் ஏப்ரனையும் வீட்டிலேயே எளிதாகத் தைத்துக்கொள்ளலாம் என்ற விளம்பரத்தோடு, முன்கூட்டியே வெட்டிய துணித் துண்டுகளைத் தொகுப்பாக இணையத்தில் விற்கிறார்கள். குழந்தைகளுக்கான சமையல் பயிற்சி ஒன்றுக்காக அப்படிப்பட்ட தொகுப்புகளைச் சேர்த்து வாங்கி, அவற்றில் ஒன்றைக்கூடக் குழந்தைகளுக்கு அணிவிக்க முடியாமல் போனதால் இதை எழுதுகிறேன். விற்பனைப் பக்கத்தில் மூன்று உறுதிகள் இருந்தன: நூறு விழுக்காடு பருத்தி, 3 முதல் 10 வயது வரை எல்லோருக்கும் பொருந்தும், நேர்த்தையல் தெரிந்தால் போதும். மூன்றும் பொய்.

முதலில் துணி. உறையைப் பிரித்தபோது வெள்ளை வெளேரென்று விறைப்பாகத்தான் இருந்தது. ஆனால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஊடும் பாவும் தெரியவில்லை, சீரான சிறு சிறு அழுத்தப் புள்ளிகள்தாம் தெரிந்தன. வெட்டு விளிம்பில் ஊசிமுனையால் கிளறினாலும் ஓர் இழைகூடப் பிரிந்து வரவில்லை. கடைகளில் பொருள்களைப் போட்டுத் தருகிறார்களே, அந்த நெய்யாத பைகளுக்குப் பயன்படும் பாலிப்ரொப்பிலீன்தான் அது. பாலிப்ரொப்பிலீன் ஏறத்தாழ 160 டிகிரி செல்சியஸில் உருகத் தொடங்கும். இஸ்திரிப் பெட்டியைப் பருத்திக்கான சூட்டில் வைத்தால் 200 டிகிரியை நெருங்கும். தொகுப்போடு வந்த செய்முறைத் தாளோ, பட்டியை மடித்து ‘நன்றாக இஸ்திரி போடவும்’ என்கிறது. போட்டேன். துணி சுருண்டு பெட்டியின் அடியில் பிசினாக ஒட்டிக்கொண்டது. அதைச் சுரண்டி எடுப்பதற்கே ஒரு மாலைப்பொழுது போயிற்று. பெட்டி போனால் போகட்டும் என்று விடலாம். ஆனால் அடுப்பருகே நிற்கும் குழந்தையின் மார்பில் இந்தத் துணி இருப்பதை அப்படி விட முடியாது; தீப்பட்டால் இது சாம்பலாக உதிராமல் உருகிச் சொட்டும், தோலில் ஒட்டும்.

சந்தேகமுள்ள துணி கையில் இருந்தால், பெரியவர் ஒருவர் விரலகலத் துண்டை இடுக்கியால் பிடித்து, கழுவுதொட்டிக்கு மேலே வைத்துப் பற்றவைத்துப் பார்க்கலாம். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, தொட்டால் பொடியாகும் சாம்பலைத் தரும். செயற்கை இழை சுடரிலிருந்து சுருங்கி விலகி, ஆறியபின் கெட்டியான மணியாக நின்றுவிடும். எனக்குக் கிடைத்தது மணிதான்.

அடுத்தது அளவு. ஏமாற்று நுட்பமாக நடந்திருப்பது இங்கேதான். 3 வயதுக் குழந்தையின் தலைச்சுற்றளவு பொதுவாக 49, 50 செ.மீ. இருக்கும்; 10 வயதில் 53, 54 செ.மீ. ஆகிவிடும். தொகுப்பில் வந்த தலைப்பட்டியின் நீளம் 50 செ.மீ. இரு முனைகளிலும் தையலுக்கு ஒரு செ.மீ. வீதம் விட்டால் மிஞ்சுவது 48. விளம்பரத்தில் சொன்ன வயதுக்காரர்களில் மிகச் சிறிய தலைக்குக்கூட இது இறுக்கம். 10 வயதுக் குழந்தைக்கு நெற்றியில் அமரவே அமராது.

தொப்பியின் மேற்பாகம் இதைவிட மோசம். செஃப் தொப்பி உப்பலாக நிற்பதன் கணக்கு எளியது. 50 செ.மீ. விட்டமுள்ள வட்டத்தின் சுற்றளவு ஏறக்குறைய 157 செ.மீ.; அதை 54 செ.மீ. பட்டிக்குள் சுருக்கிப் பிடிக்கும்போது துணி ஏறத்தாழ மூன்று மடங்காகக் குவிந்து மேலே எழும்புகிறது. எங்களுக்கு வந்த வட்டத்தின் விட்டம் 30 செ.மீ., சுற்றளவு 94. இரண்டு மடங்குகூட இல்லாததால், தைத்து முடித்தபோது குளியல் தொப்பி போலத் தலையோடு ஒட்டிக்கொண்டு நின்றது. விற்பனைப் படத்தில் இருந்த குழந்தையின் தலையிலோ மேகம் போன்ற தொப்பி. ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்பதற்கும் கணக்கு இருக்கிறது: 110 செ.மீ. அகலமுள்ள துணியில் ஒரு மீட்டர் எடுத்தால் 50 செ.மீ. வட்டம் நான்கு வெட்டலாம், 30 செ.மீ. வட்டம் ஒன்பது வெட்டலாம். படத்துக்கு ஒரு தொப்பி, விற்பனைக்கு வேறொரு தொப்பி.

ஏப்ரனில் கழுத்துக்குக் கொடுத்திருந்தது மெல்லிய நைலான் கயிறு. இரு முனைகளிலும் கெட்டி முடிச்சுப் போடச் சொல்லிச் செய்முறைத் தாளில் படமே வரைந்திருந்தார்கள். குழந்தை ஆடைகளில் உள்ள கயிறுகள் பற்றிய ஐரோப்பியத் தரநிலையான ஈ.என். 14682, 7 வயதுக்கு உட்பட்டோரின் உடையில் தலைமூடிப் பகுதியிலும் கழுத்துப் பகுதியிலும் இழுகயிறு, அதாவது இழுத்து இறுக்கும் கயிறு, இருக்கக் கூடாது என்கிறது. அது அன்றாட உடைகளை நோக்கி எழுதப்பட்ட விதி. ஆனாலும் கழுத்து கழுத்துதான். கதவுப் பிடியிலோ இழுப்பறைக் கைப்பிடியிலோ மாட்டினால் பிரிந்துவிடாத எதையும் குழந்தையின் கழுத்தில் போடக் கூடாது.

விற்பனையாளரோடு நடத்திய கடிதப் போக்குவரத்தை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. துணி பருத்தி இல்லை என்று எழுதியதற்கு, ‘பருத்தி போன்ற தன்மையுடையது’ என்று பதில் வந்தது. திருப்பி அனுப்புகிறேன் என்றதற்கு, வெட்டிய துணியைத் திரும்பப் பெறும் வழக்கமில்லை என்றார்கள். வெட்டி அனுப்பியவர்களே அவர்கள்தாம்! கடைசியாக, அடுத்த முறை வாங்கினால் தள்ளுபடி தருவதாகச் சொன்னார்கள். பிறகு நிதானமாகப் பார்த்ததில், அந்தப் பக்கத்தின் பாராட்டுரைகளோடு இருந்த படங்கள் எல்லாமே விற்பனையாளரின் படங்களே என்பது தெரிந்தது. தைத்து முடித்த தொப்பியை ஒரு குழந்தை அணிந்திருக்கும் படம் வாடிக்கையாளர் எவரிடமிருந்தும் வந்திருக்கவில்லை.

ஆகவே இத்தகைய தொகுப்பை வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், தலைப்பட்டியின் வெட்டு நீளம், வட்டத்தின் விட்டம், துணி நெய்ததா நெய்யாததா, கழுத்தில் என்ன வைத்திருக்கிறார்கள் ஆகியவற்றைப் பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ‘எல்லோருக்கும் பொருந்தும்’ என்று மட்டும் பதில் வந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம்.

நாங்கள் பயிற்சிக்குப் பயன்படுத்தியவை பழைய பருத்திப் படுக்கை விரிப்புகளில் வெட்டியவை. பலமுறை துவைத்த துணி என்பதால் இனிச் சுருங்காது. புதுத் துணியானால் முதலில் ஒருமுறை நனைத்து உலர்த்திவிட்டு வெட்டுவது நல்லது. பட்டிக்கு 60 செ.மீ. நீளம், 16 செ.மீ. அகலம் எடுத்து, உள்ளே விறைப்புக்காகக் கேன்வாஸ் வைத்து நீளவாக்கில் மடித்து, பின்பக்கம் வெல்க்ரோ (ஒட்டிப் பிரிக்கும் நாடா) பிடித்தோம். முனைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் மட்டும் வட்டத்தைச் சேர்க்காமல் விட்டதால், 3 வயதுக்கும் 10 வயதுக்கும் ஒரே தொப்பி உண்மையிலேயே பொருந்தியது. வட்டத்தின் விளிம்பில் பெருந்தையலாக இரண்டு வரிசை ஓட்டி, அடிநூலை இழுத்துச் சுருக்கினால் சுருக்கம் ஒரே சீராக வரும்; நேர்த்தையல் தெரிந்தால் மட்டும் போதாது, இந்தச் சுருக்கும் வேலையும் தெரிய வேண்டும். ஒற்றை வரிசையில் நூல் அறுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். ஏப்ரனின் கழுத்து நாடாவை நடுவில் வெட்டி, இரு முனைகளிலும் 3 செ.மீ. வெல்க்ரோ வைத்தோம், வெடுக்கென்று இழுத்தால் பிரிந்துவிடும்.

அந்தத் தொகுப்பு இன்னமும் விற்பனையில் இருக்கிறது. ‘நூறு விழுக்காடு பருத்தி’ என்று இருந்த இடத்தில் இப்போது ‘மென்மையான உயர்தரத் துணி’ என்று இருக்கிறது. படத்தை மட்டும் மாற்றவில்லை.