கண்ணுக்குக் கீழே வீக்கம் என்று க்ரீம் வாங்கப் போகிறவர்கள் ஒருமுறை படித்துவிடுங்கள்

"மோதிரத்தைக் கழற்றிவிட்டுப் பூசுங்கள், தங்கத்தில் படக்கூடாது" என்று சொல்லி யாராவது முகத்துக்கு க்ரீம் கொடுத்தால் தயவுசெய்து வாங்காதீர்கள். எனக்கு அப்படித்தான் கொடுத்தார்கள். நான் மூன்று மாதம் தினமும் ராத்திரி மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் பூசினேன்.

பொள்ளாச்சியில் இருக்கிறேன். வயது 41. அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் கண்ணுக்குக் கீழே சின்னதாகப் பை மாதிரி தொங்கும். நாற்பதை நெருங்கும்போது எனக்கும் வந்தது. வலி, அரிப்பு எதுவும் கிடையாது. ஆவணியில் நாத்தனார் மகள் கல்யாணம். போட்டோவில் முகம் களைப்பாகத் தெரியுமே என்ற கவலையில், ஆடித் தள்ளுபடி என்று போர்டு வைத்திருந்த ஓர் அழகு நிலையத்துக்குப் போனேன். பெயர் பலகையில் 'ஸ்கின் கிளினிக்' என்று இருந்தது. உள்ளே டாக்டர் யாரும் இல்லை. நாலு சிட்டிங், இரண்டு டப்பா க்ரீம், எல்லாம் சேர்த்து 14,500 ரூபாய். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள்.

வெள்ளை டப்பா, தங்க நிற மூடி. அந்த நிலையத்தின் ஸ்டிக்கர் மட்டும் ஒட்டியிருந்தது. தயாரித்தவர் பெயர், உரிமம் எண், பேட்ச் எண், என்னென்ன கலந்திருக்கிறது, எப்போது காலாவதி, ஒன்றுமே இல்லை.

இரண்டு வாரத்தில் கண்ணைச் சுற்றியிருந்த கருமை நன்றாகக் குறைந்தது. முகமே வெளுத்தது. கல்யாணத்தில் நாலு பேர் கேட்டார்கள், ஒருத்திக்கு நானே அந்த இடத்தைச் சொல்லியும் அனுப்பினேன். அதுதான் இன்றைக்கும் மனதை அறுக்கிறது.

புரட்டாசியில் காலையில் எழுந்தால் கண்ணைத் திறக்கவே கஷ்டமாக இருந்தது. முன்பிருந்த பை வேறு, இது வேறு. மேல் இமையும் சேர்ந்து உப்பியிருக்கும், மதியத்துக்குள் வடிந்துவிடும். சாயங்காலம் செருப்பு வார் பதிந்த தடம் காலில் அப்படியே நிற்கும். அந்த நிலையத்துக்குப் போன் செய்து கேட்டேன். "அக்கா, உள்ள இருக்கற கெட்ட நீர் வெளிய வருதுங்க, இப்பப் போய் நிறுத்திராதீங்க. கொஞ்சம் கூடவே போடுங்க" என்றாள் அந்தப் பெண். போட்டேன்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் கணவர் என் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் வெகுநேரம் மேலே எழும்பவில்லை. அப்போதுதான் சிறுநீரில் சோப்புத் தண்ணீர் மாதிரி நுரை நிற்பதையும் அவரிடம் சொன்னேன். மறுநாளே கோவைக்குக் கூட்டிப் போனார்.

சிறுநீரில் ஒரு நாளைக்கு 150 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டிய புரதம் எனக்கு 5 கிராமுக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. சிறுநீரக டாக்டர் சர்க்கரை, பிரஷர், வலி மாத்திரை எல்லாம் விசாரித்துவிட்டு, "முகத்துக்கு ஏதாவது க்ரீம் போடறீங்களாம்மா?" என்றார். சிறுநீரகத்துக்கும் முகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தேன். மோதிரம் கழற்றுகிற விஷயத்தைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பாதரசம் தங்கத்தோடு சேர்ந்து பிடித்துக்கொள்ளும், நகை வெளுத்துப் போனால் குட்டு உடைந்துவிடும், அதனால்தான் கழற்றச் சொல்கிறார்கள் என்றார்.

பாதரசம் தோலில் நிறம் உண்டாவதைத் தடுக்கும், அதனால் சீக்கிரம் வெளுக்கும். அதே பாதரசம் தோல் வழியாக ரத்தத்தில் இறங்கி சிறுநீரகத்தின் வடிகட்டியைக் கெடுக்கும். ரத்தத்தில் தண்ணீரைப் பிடித்து வைப்பது ஆல்புமின் என்ற புரதம். அது சிறுநீரில் ஒழுகிப் போனால் தண்ணீர் திசு இடுக்குகளில் கசியும். உடம்பிலேயே மெல்லிய தோல் இமையில்தான், அதனால் முதலில் அங்கே தெரியும். 2023-இல் மலப்புரம் பக்கம் இதே மாதிரி வெளுப்பு க்ரீம் போட்டவர்கள் பலர் இதே நோயோடு வந்தார்கள், கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்று சோதனையே நடத்தியது என்றும் அவர்தான் சொன்னார்.

சிறுநீரகத்தில் சின்னத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி செய்தார்கள். ரத்தத்திலும் சிறுநீரிலும் பாதரசம் இருந்தது. க்ரீமையும் ஆய்வகத்துக்கு அனுப்பினோம். முகத்துக்குப் பூசும் க்ரீமில் தவறிக் கலந்தால்கூட 1 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) மேல் இருக்கக்கூடாது என்பது விதி. இதில் ஆயிரக்கணக்கில் இருந்தது. க்ரீமை நிறுத்தி, மாத்திரை, உப்புக் குறைப்பு என்று ஆறு மாதம் ஓடியது. இப்போது புரதம் 400 மில்லிகிராமுக்கு வந்திருக்கிறது. என் துண்டையும் தலையணையையும் பகிர்ந்துகொண்ட மகளுக்கும் பரிசோதனை செய்தோம். அவளுக்கு ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்த அன்றுதான் எனக்குச் சோறு இறங்கியது.

அப்புறம் ஒரு கண் டாக்டரிடம் என் பழைய பையைக் காட்டினேன். ஐந்து நிமிடத்தில் விளக்கிவிட்டார். கண்ணைச் சுற்றிக் கொழுப்பு இருக்கும், அதைத் தாங்கும் சவ்வு வயதாக ஆகத் தளர்ந்து கொழுப்பு முன்னால் தள்ளும். பல குடும்பங்களில் வழிவழியாக வரும். காலை, மாலை என்று மாறாது, மேலே பார்த்தால் இன்னும் எடுப்பாகத் தெரியும். இதற்கு எந்தக் க்ரீமும் கிடையாது. வேண்டுமென்றால் அறுவை சிகிச்சை, இல்லையென்றால் விட்டுவிடலாம், ஆபத்தில்லை. காலையில் வீங்கி மதியம் வடிவது நீர். முந்தின நாள் கருவாடு, ஊறுகாய், அப்பளம், தூக்கக்குறைவு, அழுகை, மது என்று காரணம் சாதாரணமாகவும் இருக்கலாம். உப்பைக் குறைத்து, தலையைக் கொஞ்சம் உயர்த்திப் படுத்து, காலையில் குளிர்ந்த ஈரத்துணியைப் பத்து நிமிடம் வைத்தாலே குறையும். வெள்ளரித் துண்டு வைத்தாலும் வேலை செய்வது அந்தக் குளிர்ச்சிதானாம். அரிப்பும் தும்மலும் சேர்ந்திருந்தால் ஒவ்வாமை, கண்ணைக் கசக்காமல் அதற்கு மருந்து எடுக்க வேண்டும். வாரக்கணக்கில் தினமும் வீங்கினால் சிறுநீரில் புரதம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தக் கிரியாட்டினின், தைராய்டுக்கு டிஎஸ்எச், இந்த மூன்றையும் பார்த்துவிட வேண்டும். சோர்வு, எடை கூடுதல், மலச்சிக்கல், குரல் கரகரப்பு இருந்தால் தைராய்டைத் தள்ளிப்போடவே கூடாது. இந்தப் பரிசோதனைகளுக்கு ஆகும் செலவு நான் கொடுத்த 14,500-இல் ஒரு சிறு பங்குதான்.

அந்த நிலையத்தில் போய்க் கேட்டோம். "அது எங்க க்ரீமே இல்லீங்க" என்றார்கள். கையில் பில் இல்லை. பணம் அனுப்பிய வங்கிக் கணக்கு விவரமும் திறக்காத இரண்டாவது டப்பாவும் மட்டும் இருந்தன. அவற்றை வைத்து 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தோம். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் டப்பாவை ஒப்படைத்து ரசீது வாங்கியிருக்கிறோம். பணம் இன்னும் வரவில்லை.

உங்கள் வீட்டில் இதே மாதிரி பெயரில்லாத டப்பா இருந்தால் இன்றோடு பூசுவதை நிறுத்துங்கள். ஆனால் தூக்கி எறியாதீர்கள். மூடியை டேப் போட்டு ஒட்டி, பாலிதீன் பையில் கட்டிப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். டாக்டரைப் பார்க்கும்போது கையோடு கொண்டு போங்கள்.