ஆறு பாட்டில் ஓர்வால்

அக்கா மகன் பெல்ஜியத்தில் லூவன் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். பொங்கலுக்கு ஊருக்கு வந்தவன் காலில் விழுந்து எழுந்த கையோடு காதருகே வந்து, "மாமா, உங்களுக்கு ஒண்ணு கொண்டாந்திருக்கேன். அத்தை கோயிலுக்குப் போனதும் தர்றேன்" என்றான். பெட்டியைத் திறந்தால் ஸ்வெட்டரிலும் சாக்ஸிலும் சுற்றி ஆறு பாட்டில் பீர், ஓர்வால் என்று பெயர். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் வரி கட்டாமல் கொண்டுவரக்கூடிய மது இரண்டு லிட்டர். ஒரு பாட்டில் 330 மில்லி. ஆறும் சேர்ந்தால் 1.98 லிட்டர். அக்கா வீட்டில் எல்லாருக்குமே கணக்கு நன்றாக வரும்.

எனக்குக் கும்பகோணத்தில் காபிக்கொட்டை வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடை. அப்பா ஆரம்பித்தது. பீபரி எவ்வளவு, பிளான்டேஷன் எவ்வளவு, சிக்கரி எத்தனை பங்கு என்று நாள் முழுக்க மூக்குக்கும் நாக்குக்கும்தான் வேலை. பீர் மேல் எனக்குப் பெரிய மரியாதை இருந்ததில்லை. வருடத்துக்கு நாலைந்து தடவை, அதுவும் யாராவது ஒருவர் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி மொட்டைமாடியில். சில்லென்று இறங்கும், லேசாகக் கசக்கும், ஏப்பம் வரும். ஸ்ட்ராங் என்று போட்டிருந்தால் மறுநாள் தலை கனக்கும். இதில் ருசி பார்க்க என்ன இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

பாட்டிலே ஒரு தினுசு. தொட்டில் காலுக்குக் கடைசல் பிடித்த மாதிரி அடி பெருத்து, நடுவில் உருண்டு, கழுத்தில் சிறுத்திருக்கிறது. லேபிளில் ஒரு மீன், அதன் வாயில் தங்க மோதிரம். "என்னடா, சகுந்தலையா?" என்றேன். அவன் கதை சொன்னான். டஸ்கனியைச் சேர்ந்த மத்தில்டா என்ற சீமாட்டி, கணவனை இழந்தவள், ஓர் ஊற்றின் கரையில் உட்கார்ந்திருந்தபோது கல்யாண மோதிரம் தண்ணீரில் விழுந்துவிட்டது. அழுது வேண்டிக்கொண்டாள். ஒரு மீன் மோதிரத்தைக் கவ்விக்கொண்டு மேலே வந்தது. அவள் அந்த இடத்தைத் தங்கப் பள்ளத்தாக்கு என்று வாழ்த்தினாளாம். பிரெஞ்சில் 'வால் தோர்'. அதைத் திருப்பிப் போட்டால் ஓர்வால். நம் கதையில் மோதிரத்தைக் கண்டெடுத்த செம்படவன் காவல்காரர்களிடம் உதை வாங்கினான். இங்கே மீனே நேரில் வந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது, வம்பில்லை.

ஓர்வால் ஒரு மடம். பெல்ஜியத்தின் தெற்கு மூலையில், பிரான்ஸ் எல்லையை ஒட்டி இருக்கிறது. துறவிகள் முதலில் அங்கே வந்து தங்கியது 1070இல். இங்கே முதலாம் குலோத்துங்கன் பட்டத்துக்கு வந்த அதே வருடம். பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1793இல், மடத்தைக் கொளுத்திவிட்டார்கள். நூற்றுச்சொச்சம் வருடம் இடிபாடாகவே கிடந்து, 1926இல் திரும்பக் கட்ட ஆரம்பித்திருக்கிறார்கள். கட்டடத்துக்குக் காசு வேண்டுமே, அதற்காக 1931இல் மடத்துக்குள்ளேயே பீர் காய்ச்சும் சாலையைத் தொடங்கினார்கள். நம் பக்கத்து மடங்களை நினைத்துக்கொண்டேன், சிரிப்பு வந்தது. அதற்கு மேல் எழுதினால் ஊரில் இருக்க முடியாது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். ஊருக்கெல்லாம் விற்பதற்கு அவர்கள் காய்ச்சுவது இந்த ஒரே பீர்தான். என் கடையில் பதினோரு கலவை இருக்கிறது. அப்படியும் பன்னிரண்டாவதைக் கேட்டு ஒருவர் வருகிறார்.

முதல் பாட்டிலைக் கெடுத்தது நான்தான். அன்று சாயங்காலமே ஆசைப்பட்டுத் திறந்தேன். திருச்சி விமான நிலையத்திலிருந்து காரில் குலுங்கி வந்த பாட்டில், சரியாக ஆறக்கூட இல்லை. மூடியை நெம்பியதும் பாதி பீர் நுரையாக என் வேட்டியில். மீதி அரிசி களைந்த தண்ணீர் நிறத்தில் கலங்கிக் கிடந்தது. மருமகன் தலையில் அடித்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். சாதாரணமாகக் கடையில் வாங்கும் பீரில் ஈஸ்ட்டை வடிகட்டி எடுத்துவிட்டு வாயுவை ஏற்றி அடைப்பார்கள், சோடா மாதிரி. இதில் அடைக்கும்போதே கொஞ்சம் சர்க்கரையும் உயிருள்ள ஈஸ்ட்டும் சேர்த்து மூடிவிடுகிறார்கள். ஈஸ்ட் உள்ளே உட்கார்ந்து சர்க்கரையைத் தின்கிறது. அதனால் வரும் வாயு வெளியேற வழியில்லாமல் பீரிலேயே கரைகிறது. ராத்திரி இட்லி மாவு பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு வழிகிறதே, அந்த மூடியை இறுக்கி முடுக்கிவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. வேலை முடிந்த ஈஸ்ட் அடியில் மண்டியாகத் தங்கும். அதனால் பாட்டிலைப் படுக்க வைக்கக் கூடாது. நிறுத்தி வைத்து, மண்டி தெளிய ஒரு வாரம் விட்டு, அப்புறம்தான் கை வைக்க வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனேயும் குடிக்கக் கூடாது. 12, 14 டிகிரியில் குடிக்க வேண்டுமாம். தை மாசத்து ராத்திரியில் வெளியே எடுத்து இருபது நிமிடம் வைத்தேன், சரியாக இருந்தது. சித்திரையில் ஐந்து நிமிடம் போதும்.

இதற்கென்று வாய் அகன்ற, காலுள்ள கண்ணாடிக் கிண்ணம் இருக்கிறது. புது மடத்தைக் கட்டிய கட்டடக் கலைஞர் ஆன்ரி வாஸ்தான் அதையும் வரைந்தாராம். எங்கள் வீட்டில் அதற்குப் பக்கத்தில் வரக்கூடியது ஐஸ்கிரீம் கிண்ணம்தான், அதில் ஊற்றினேன். டபராவில் ஊற்றி ஒரு ஆற்று ஆற்றினால் என்ன என்று கை துறுதுறுத்தது. ஆற்றினால் வாயு முழுக்கப் போய்விடும், செய்துவிடாதீர்கள்.

நிறம் இரண்டாம் டிகாக்‌ஷன் நிறம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் செம்பும் ஆரஞ்சும் கலந்து தெரிகிறது. நுரை வெள்ளையாக, கனமாக எழும்பி, கிண்ணத்தின் பக்கவாட்டில் கோலம் போட்டபடி இறங்குகிறது. நன்றாகக் காய்ச்சிய பாலின் நுரைகூட இவ்வளவு நேரம் நிற்காது, தொழில்காரனாகச் சொல்கிறேன்.

ஆறில் நாலு பாட்டில் புதுசு, அடைத்து நாலு மாதம் ஆனது. இரண்டு பழசு, இரண்டு வருடம் தாண்டியது. பின்பக்க லேபிளில் அடைத்த தேதி போட்டிருக்கிறார்கள். அதிலிருந்து ஐந்து வருடம்வரை கெடு. அங்கே சில கடைகளில் "புதுசா, பழசா?" என்று கேட்டுத்தான் ஊற்றுவார்களாம்.

புதுசைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நன்றாக இருக்கிறது. நார்த்தங்காய்த் தோலைக் கிள்ளினால் கையில் ஒட்டுமே, அந்த வாசம் முதலில் வருகிறது. பீர் காய்ச்சி முடிந்து ஆறிய பிறகு, பீருக்குக் கசப்பு தருகிற ஹாப் பூவைத் திரும்பவும் போட்டு வாரக்கணக்கில் ஊற வைக்கிறார்கள்; அந்தப் பூவின் வாசம். கசப்பு தெளிவானது. வாயில் சிக்கரி மாதிரி அப்பிக்கொள்ளாமல், வறுத்த வேப்பம்பூ மாதிரி வந்துவிட்டுப் போகிறது. கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் பிஸ்கட். முடிவில் நாக்கு காய்ந்துபோகிறது. நூற்றுக்கு எழுபது போடுவேன்.

பழசைத் திறந்த அன்று அரிசி மில் வைத்திருக்கும் நண்பரும் மாடிக்கு வந்தார். மருமகன் என் எதிரே குடிக்க மாட்டேன் என்று தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். வாங்கிக் கொடுத்தவனே அவன்தான். "வாடா இந்தப் பக்கம்" என்று மூன்று தரம் கூப்பிட்ட பிறகு வந்தான், ஆனால் கடைசிவரை உட்காரவில்லை.

மூடியைத் திறந்ததும் வந்த வாசத்தை எனக்கு உடனே பிடிபடவில்லை. தெரிந்த வாசம், பெயர் வரவில்லை. தோல் செருப்பா, வைக்கோலா, மழைக்கு மறுநாள் மாட்டுக் கொட்டகையா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நண்பர்தான் சொன்னார்: "அட, நம்ம மில்லு தொட்டிய்யா!" அதேதான். புழுங்கல் போட நெல்லை ஊற வைக்கிற தொட்டி. இரண்டாம் நாள் அந்தப் பக்கம் சைக்கிளில் போனால் மூக்கைப் பொத்துவோமே, அதில் ஒரு சிட்டிகையை எடுத்து நார்த்தை இலையோடு கசக்கினால் எப்படி இருக்கும், அப்படி. கேட்க நன்றாக இருக்காது. குடிக்க நன்றாக இருந்தது.

இதைச் செய்வது இன்னொரு ஈஸ்ட். பெயர் பிரெட்டனோமைசெஸ். 1845இல் தரங்கம்பாடியை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போன டேனிஷ்காரர்களின் நாட்டில், கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில், 1904இல் கிளாஸன் என்பவர் இதை அடையாளம் காட்டினார். பழைய ஆங்கிலேய பீர்களின் மணத்துக்கு இதுவே காரணம் என்பதால் 'பிரிட்டிஷ் பூஞ்சை' என்று பொருள்பட அந்தப் பெயர். வழக்கமான ஈஸ்ட் தின்ன முடியாமல் விட்டுவைத்த சர்க்கரையையும் இது மெதுவாகத் தின்னும். மாதக்கணக்கில், வருடக்கணக்கில். அதனால் பழசில் இனிப்பு என்று சொல்ல எதுவுமே மிச்சமில்லை. பூவின் கசப்பும் மழுங்கியிருக்கிறது. அந்த இடத்துக்குப் புளிப்பா, மண்ணா, வெற்றிலைக் காம்பின் உறைப்பா என்று சொல்ல முடியாத ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது.

என் மாமனார் ஊர் திருநள்ளாறு பக்கம். தமிழ்நாட்டில் 1987இலிருந்து கள்ளுக்குத் தடை. காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது என்பதால் அங்கே உண்டு. கல்யாணமான புதிதில் மச்சான் கூட்டிப்போய்க் காட்டிய பாடம் இது: காலையில் இறக்கிய கள் இனிப்பு, மத்தியானம் சுரசுரப்பு, சாயங்காலம் புளிப்பும் தலைசுற்றலும். கள் ஒரு பகலில் நடக்கிற தூரத்தை இந்த பீர் ஐந்து வருடத்தில் நடக்கிறது. அவர்கள் ஊர்க் குளிர் அதற்குத் தோதாக இருக்கிறது.

நண்பருக்கு ஒரே குறை. "ஸ்ட்ராங்குன்னு சொன்னீங்க, ஒண்ணும் ஏறலையே." லேபிளில் 6.2 சதவீதம். நம் கடைகளில் ஸ்ட்ராங் என்று வாங்குவது 8 வரை இருக்கும், அந்தக் கணக்கில் இது குறைவுதான். அடைத்த பிறகும் உள்ளே சர்க்கரை தீர்ந்துகொண்டே போவதால் பழசில் கொஞ்சம் கூடியிருக்கும். ஆனால் அவர் மூன்று மடக்கில் முடித்துவிட்டார். நான் ஒரு கிண்ணத்தை முக்கால் மணி நேரம் வைத்திருந்தேன். சூடு ஏற ஏற வாசம் மாறிக்கொண்டே வந்தது. எழுந்தபோது படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

தொட்டுக்கொள்ள விரால் மீனை மிளகாய்த்தூள் போட்டுச் சிவக்க வறுத்திருந்தோம். லேபிள் மீனுக்குப் பொருத்தம் என்று ஏதோ நினைப்பு. பெரிய தப்பு. கசப்பும் வாயுவும் சேர்ந்து காரத்தை இரண்டு பங்காக்கிவிடுகிறது, காது சுட்டது. உளுந்து அப்பளத்தைச் சுட்டு வைத்தால் போதும், அதன் உப்பும் கரிவாசமும் ஒத்துப்போகின்றன. அந்தத் துறவிகள் பாலாடைக்கட்டியும் செய்கிறார்களாம், பீருக்குத் துணையாக. அடுத்த தடவை அதையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். அதற்குக் கஸ்டம்ஸ் கணக்கு என்ன என்று அவன் பார்த்துக்கொள்ளட்டும்.

குறை என்றால் எனக்கும் உண்டு. வாயு ரொம்பவே அதிகம். மெதுவாகச் சாய்த்து ஊற்றினாலும் பாதிக் கிண்ணம் நுரை, அடங்கக் காத்திருக்க வேண்டும். அப்புறம் இந்த மண்டி விவகாரம். அடியில் ஒரு விரற்கடையை பாட்டிலிலேயே விட்டுவிட வேண்டும் என்பது முறை. காவிரி வண்டலில் விளைந்ததைத் தின்று வளர்ந்தவனுக்கு அதைக் கொட்ட மனசு வரவில்லை. தனியாக ஒரு சின்ன டம்ளரில் ஊற்றிக் குடித்துப் பார்த்தேன். பழைய சோற்று நீராகாரத்தில் நாலு வேப்பிலை போட்ட மாதிரி இருந்தது. எனக்குப் பிடித்தது. நண்பர் முகத்தைச் சுளித்தார். இவ்வளவுக்கும் கோயிலிலிருந்து சீக்கிரம் திரும்பிவிட்ட என் வீட்டுக்காரி மாடிப்படியில் நின்றபடி, "என்ன, யாரு பழைய சோத்தைக் கொட்டினது?" என்று கேட்டாள்.

இரண்டாவது பழசை மறு வாரம், கடை விடுமுறை நாளில், தனியாகக் குடித்தேன். நூற்றுக்குத் தொண்ணூறு. வாங்குகிற வாய்ப்பு இருப்பவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன்: தேதியைப் பார்த்துப் பழசாக எடுங்கள், இல்லையென்றால் வாங்கிப் பத்திரமாக வைத்திருங்கள். முதல் பீராக மட்டும் இதைக் குடிக்காதீர்கள்.

புதுசில் ஒன்று மிச்சம் இருக்கிறது. நம் ஊர் வெயிலில் பரண் மேல் வைத்தால் பழசாகாது, பாழாகிவிடும். அதனால் ஃபிரிட்ஜ் கதவின் கீழ்த்தட்டில் நிறுத்தி வைத்திருக்கிறேன். அந்தக் குளிரில் மெதுவாகத்தான் பழுக்கும். அதற்குப் பக்கத்தில் வீட்டுக்காரி மாவுப் பாத்திரத்தை இடித்துத் தள்ளி வைக்கிறாள், நான் தினமும் நகர்த்தி வைக்கிறேன். மருமகன் போன வாரம் போனில், "மாமா, இருக்கா, தீந்துடுச்சா?" என்றான். 2028 பொங்கலுக்கு வா, பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னேன்.