போலீஸா, சிறையா, தெருவிளக்கா: குற்றத்தைக் குறைக்கும் பணத்தை எதில் போடுவது?

குற்றத்தைக் குறைப்பதற்கென்று ஒரு மாநில அரசின் கையில் கூடுதலாகக் கொஞ்சம் பணம் இருக்கிறது என்று வையுங்கள். போலீஸுக்கு ஆள் எடுக்கலாம். சிறைத் தண்டனையை நீட்டலாம். விளக்கும் கேமராவும் மாட்டலாம். வழி தவறக்கூடிய பையன்களுக்கு வேலையோ பயிற்சியோ கொடுக்கலாம். தேர்தல் மேடையில் இந்த நான்கும் ஒரே எடையில் பேசப்படுகின்றன. கிடைக்கும் பலனில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கிறது. அமெரிக்க மாநிலங்களில் இதைக் காசுக் கணக்கோடு ஆராய்ந்திருக்கிறார்கள் என்பதால் அங்கிருந்தே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் அளவுகோல். செய்திகளில் வருவது லட்சம் பேருக்கு எத்தனை குற்றம் என்ற விகிதம். அந்த எண்ணிக்கையில் கொலையும் ஒன்று, சைக்கிள் திருட்டும் ஒன்று. 2010-ல் வெளியான ஓர் ஆய்வு, ஒவ்வொரு குற்றத்தாலும் சமூகத்துக்கு ஏற்படும் மொத்த இழப்பை 2008 டாலர் மதிப்பில் கணக்கிட்டது. பறிபோன பொருள், மருத்துவச் செலவு, வழக்குச் செலவு, சிறைச் செலவு எல்லாவற்றோடும் பாதிக்கப்பட்டவரின் வலிக்கும் வேதனைக்கும் ஒரு மதிப்பைச் சேர்த்தார்கள். ஒரு கொலைக்கு வந்த தொகை சுமார் 90 லட்சம் டாலர். பாலியல் வன்கொடுமைக்கு 2.4 லட்சம், கொடுங்காயம் விளைவிக்கும் தாக்குதலுக்கு 1.07 லட்சம், வழிப்பறிக்கு 42,000, வாகனத் திருட்டுக்கு 10,800, வீடு புகுந்து திருடுவதற்கு 6,500, சாதாரணத் திருட்டுக்கு 3,500. அதாவது ஒரு கொலை ஏறத்தாழ 2,500 திருட்டுகளுக்குச் சமம். ஓர் ஊரில் திருட்டு 2,000 குறைந்து கொலை ஒன்று கூடினால் குற்ற விகிதம் அழகாக இறங்கியிருக்கும். இழப்புக் கணக்கிலோ அந்த ஊர் போன வருஷத்தைவிட மோசம்.

உயிருக்கு விலை போடுவதா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. போடாமல் விட்டால் பட்ஜெட்டில் அதன் விலை பூஜ்யம் என்று ஆகிவிடுகிறது. எனக்கு அதுதான் அதிகம் உறுத்துகிறது.

விகிதத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. அமெரிக்காவில் 1973 முதல் வீடுவீடாகப் போய் "உங்களுக்கு ஏதாவது குற்றம் நேர்ந்ததா?" என்று கேட்கும் ஓர் ஆய்வு நடக்கிறது. அண்மை ஆண்டுகளில் அதில் தெரிவது, வன்முறைக் குற்றங்களில் பாதிகூடப் போலீஸுக்குப் போவதில்லை என்பது. திருட்டில் மூன்றில் ஒன்று போனால் அதிகம். அதனால் போலீஸ் நன்றாக வேலை செய்யத் தொடங்கி, ஜனங்கள் நம்பிப் புகார் கொடுக்க ஆரம்பித்தால், பதிவேட்டில் குற்றம் கூடியதுபோலத் தெரியும்! மறைக்கக் கடினமான ஒரே குற்றம் கொலை என்பதால் ஆய்வாளர்கள் பெரும்பாலும் அதையே பிடித்துக்கொள்கிறார்கள்.

போலீஸ் எண்ணிக்கையிலிருந்து தொடங்கலாம். அமெரிக்க நகரங்களின் பல பத்தாண்டுப் புள்ளிவிவரங்களை வைத்து ஆரன் சால்ஃபின், ஜஸ்டின் மெக்ரேரி என்ற இரு பொருளியலாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வின்படி, போலீஸுக்குக் கூடுதலாகச் செலவிடும் 1 டாலர் சுமார் 1.63 டாலர் இழப்பைத் தவிர்க்கிறது. 2022-ல் வந்த இன்னோர் ஆய்வு, கூடுதலாக 10 முதல் 17 போலீஸார் சேர்ந்தால் ஆண்டுக்கு ஒரு கொலை குறைகிறது என்றது. போலீஸ்காரர் ஒருவருக்கு ஆண்டுக்கு 1.3 லட்சம் டாலர் செலவு என்று வைத்தாலும் 17 பேருக்கு 22 லட்சம்தான் ஆகிறது. எதிர்ப்பக்கம் நிற்பது 90 லட்சம். கணக்கு தெளிவாகவே போலீஸ் பக்கம் சாய்கிறது.

அந்த 2022 ஆய்வைப் பாதியில் மூடிவைக்கக் கூடாது. ஆள் கூடினால் சில்லறைக் குற்றங்களுக்கான கைதுகளும் கூடுகின்றன, அந்தக் கைதுகளின் சுமை கறுப்பின மக்கள்மீதே அதிகம் விழுகிறது, கறுப்பின மக்கள் மிகுதியாக வாழும் சில நகரங்களில் கொலை குறையும் பலனும் குறைவாகவே கிடைக்கிறது என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. 1.63 என்ற எண்ணில் இந்தச் செலவு முழுதாக ஏறவில்லை.

எத்தனை பேர் என்பதோடு அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதும் முக்கியம். 1972-73-ல் கான்சஸ் சிட்டியில் 15 ரோந்துப் பகுதிகளை மூன்றாகப் பிரித்து, ஒன்றில் வழக்கமான ரோந்து, ஒன்றில் இரண்டு மூன்று மடங்கு ரோந்து, மற்றதில் அழைத்தால் மட்டும் போவது என்று செய்து பார்த்தார்கள். குற்றத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை, மக்களின் பயத்திலும் இல்லை. சும்மா ஜீப்பில் சுற்றுவதால் ஒன்றும் நடக்காது போல என்று போலீஸ் துறையே சோர்ந்துபோன காலம் அது. பிறகு 1980-களின் இறுதியில் மினியாபொலிஸ் நகரத்தில் போலீஸுக்கு வரும் அழைப்புகளை முகவரிவாரியாகப் பிரித்தபோது, நகரின் 3 சதவீத முகவரிகளிலிருந்தே பாதி அழைப்புகள் வருவது தெரிந்தது. அந்த இடங்களில் மட்டும் ரோந்தைக் கூட்டினால் குற்றம் குறைகிறது. அடுத்த தெருவுக்கு ஓடிவிடாதா என்றால், பெரும்பாலும் ஓடுவதில்லை. பல ஆய்வுகளில் பக்கத்துத் தெருவும் சேர்ந்தே அமைதியாகியிருக்கிறது.

சிறைக்கு வருவோம். இங்கே கலிஃபோர்னியாதான் பாடப்புத்தகம். 1994-ல் அந்த மாநிலம் கொண்டுவந்த சட்டப்படி, ஏற்கெனவே இரண்டு கடும் குற்றங்களுக்குத் தண்டனை பெற்றவர் மூன்றாவதாக எந்தப் பெருங்குற்றம் செய்தாலும் 25 ஆண்டு முதல் ஆயுள்வரை. மூன்றாவது குற்றம் கடைத் திருட்டாக இருந்தாலும் இதில் சிக்க வாய்ப்பிருந்தது. 2012-ல் வாக்காளர்களே அதைத் திருத்தினார்கள். சட்டம் வேலையே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. இரண்டு தண்டனை வாங்கியவர்கள் பெருங்குற்றத்துக்காகக் கைதாவது 17 முதல் 20 சதவீதம் குறைந்தது என்று 2007-ல் ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் தவிர்த்த குற்றம் ஒவ்வொன்றுக்கும் ஆன செலவு சுமார் 1,48,000 டாலர் என்றும் அதே ஆய்வு சொன்னது. மேலே உள்ள பட்டியலில் வழிப்பறியின் இழப்பு 42,000. ஒரு வழிப்பறியைத் தடுக்க மூன்றரை வழிப்பறியின் விலை!

2011-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கொள்ளளவைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு நிரம்பியிருந்த கலிஃபோர்னியச் சிறைகளை 137.5 சதவீதத்துக்குக் குறைக்கச் சொன்ன தீர்ப்பை உறுதிசெய்தது. அதே ஆண்டு மாநிலம், வன்முறையில்லாத சிறு குற்றவாளிகளின் பொறுப்பை மாவட்டங்களுக்கு மாற்றியது. ஊரே பற்றி எரியும் என்றார்கள். வன்முறைக் குற்றம் அதனால் கூடியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. வாகனத் திருட்டு மட்டும் கூடியது. அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டே கலிஃபோர்னியப் பொதுக் கொள்கை நிறுவனம் சொன்னது: சிறையில் வைக்கக் கூடுதலாகச் செலவிடும் 1 டாலர் தடுக்கும் இழப்பு 23 சென்ட்.

1.63-க்கும் 0.23-க்கும் ஏழு மடங்கு இடைவெளி. இரண்டும் வேறு வேறு ஆய்வுகள், அனுமானங்களும் வேறு, ஒப்பிடுவதில் கொஞ்சம் தாராளம் காட்டுகிறேன்தான். பாதியை வெட்டினாலும் முடிவு மாறாது. சிறை வேண்டாம் என்றல்ல இதன் பொருள். கொலைகாரனை உள்ளே வைக்கும் முதல் சில ஆண்டுகளுக்குப் பலன் நிறையவே உண்டு. நான் பேசுவது கடைசி ஆண்டுகளைப் பற்றி, கடைசியாகச் சேர்த்த கைதியைப் பற்றி. குற்றம் செய்யும் வேகம் பதின்வயதின் முடிவில் உச்சத்துக்குப் போய் பிறகு வயதோடு இறங்கிவிடுகிறது. 55 வயதுக்காரரை இன்னும் பத்தாண்டு அடைத்துவைத்தால் அரசு பெரும்பாலும் முழங்கால் வலிக்கும் சர்க்கரை நோய்க்கும் செலவழித்துக்கொண்டிருக்கும். கலிஃபோர்னியாவில் ஒரு கைதிக்கு ஆண்டுச் செலவு இப்போது 1 லட்சம் டாலருக்கு மேல். தவிர, பிடிபடுவோம் என்ற பயம்தான் கையைக் கட்டுகிறது. எட்டு ஆண்டா பன்னிரண்டு ஆண்டா என்று எண்ணிப் பார்த்துவிட்டு யாரும் கத்தியை எடுப்பதில்லை.

விளக்கு, கேமரா பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். 2016-ல் நியூயார்க் நகரின் அரசுக் குடியிருப்புகளில், சீட்டுக் குலுக்குவதுபோல் தேர்ந்தெடுத்த சிலவற்றில் மட்டும் பெரிய விளக்குக் கோபுரங்களை நிறுத்தினார்கள். இரவில் வெளிப்புறத்தில் நடக்கும் கடும் குற்றங்கள் சுமார் 36 சதவீதம் குறைந்தன. இவ்வளவு மலிவான கருவிக்கு அசாத்தியமான பலன். வீட்டுக்குள் நடக்கும் வன்முறைக்கு அந்த வெளிச்சம் எட்டாது, அது வேறு. கேமராவுக்கு இத்தனை பெருமை இல்லை. 40 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்தால் சராசரியாக 13 சதவீதக் குறைவு, அதிலும் கார் நிறுத்துமிடங்களில்தான் நன்றாக வேலை செய்கிறது.

இளைஞர் திட்டங்களில் நல்லதும் இருக்கிறது, படுமோசமும் இருக்கிறது. பையன்களைச் சிறைக்குக் கூட்டிப்போய்க் கைதிகளை விட்டு மிரட்டும் திட்டம் ஒரு காலத்தில் பெரும் புகழோடு நடந்தது. மிரட்டப்பட்டவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகவே குற்றம் செய்தார்கள். சிகாகோவில் அதற்கு நேர்மாறாக, கோபம் வரும் நேரத்தில் ஒரு நொடி நின்று யோசிக்கப் பழக்கும் பள்ளிக் குழுப் பயிற்சி, திட்டம் நடந்த காலத்தில் வன்முறைக் கைதுகளை 45 முதல் 50 சதவீதம்வரை குறைத்தது. முடிந்த பிறகு அந்தப் பலன் நீடிக்கவில்லை. அதே நகரில் 2012-ல் கொடுத்த எட்டு வாரக் கோடை வேலை, அடுத்த 16 மாதங்களில் வன்முறைக் கைதுகளை 43 சதவீதம் குறைத்தது. ஆபத்து எங்கே அதிகமோ அங்கே இருக்கும் பையன்களைக் குறிவைத்தால்தான் இந்த எண்கள் வரும். எல்லாப் பள்ளிக்கும் விரித்தால் நீர்த்துப்போகும்.

என் கையில் பணம் இருந்தால் முதல் தவணை விளக்குக்கும் கோடை வேலைக்கும் போகும். அவை சீக்கிரமே எல்லையைத் தொட்டுவிடும். மீதியில் பெரும்பகுதி போலீஸுக்கு, அதுவும் அந்த 3 சதவீத முகவரிகளுக்கும் துப்புத் துலக்கும் பிரிவுக்கும். தண்டனையை நீட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

ஆனால் இந்த நான்கும் ஒரே மேசைக்கு வருவதில்லை. அமெரிக்காவில் போலீஸுக்குச் சம்பளம் தருவது பெரும்பாலும் நகரமும் மாவட்டமும், சிறைக்குப் பணம் கட்டுவது மாநிலம். நீண்ட தண்டனை கேட்கும் மாவட்ட வழக்கறிஞருக்கு அதனால் தன் மாவட்டக் கஜானாவில் ஒரு டாலர்கூடக் குறையாது. இதைத் தாண்டி யோசித்த மாநிலங்களும் உண்டு. 2007-ல் டெக்சாஸ், கூடுதலாக 17,000 சிறைப் படுக்கைகள் தேவைப்படும், 200 கோடி டாலர் ஆகும் என்ற மதிப்பீட்டைப் பார்த்துவிட்டு, சிகிச்சைக்கும் மாற்றுத் திட்டங்களுக்கும் 24.1 கோடியை ஒதுக்கியது. 2011-ல் அங்கே ஒரு சிறையையே மூடினார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் சட்டமன்றமே அமைத்த ஓர் ஆய்வு நிறுவனம், எந்தத் திட்டம் போட்ட பணத்தைத் திருப்பித் தருகிறது என்று பட்டியல் போட்டுக் கொடுக்கிறது.

கலிஃபோர்னியா 2014-ல் 950 டாலருக்குட்பட்ட திருட்டுகளையும் போதைப்பொருள் வைத்திருப்பதையும் சிறு குற்றமாக்கி, சிறையில் மிச்சமான பணத்தில் 65 சதவீதத்தை மனநல, போதை சிகிச்சைக்கும் 25 சதவீதத்தைப் பள்ளிகளுக்கும் 10 சதவீதத்தைப் பாதிக்கப்பட்டோர் உதவிக்கும் என்று பிரித்தது. 2024-ல் அதன் முக்கியப் பகுதிகளை மாற்றித் தண்டனையைக் கூட்டும் முன்மொழிவு வாக்கெடுப்புக்கு வந்தது. மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலானோர் ஆதரித்தார்கள். சிறையில் ஆட்கள் கூடினால் அந்த மிச்சம் குறையும், அதை நம்பி நடக்கும் சிகிச்சைத் திட்டங்களும் குறையும்.