லேத் முன்னால் போடும் ரப்பர் மேட்: வாங்கலாமா?

மதுரை கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டை பக்கம் சின்ன மெஷின் ஷாப் வைத்திருக்கிற நண்பர்கள் நிறையப் பேர் இந்த மேட்டைப் பற்றிக் கேட்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன். எங்கள் ஷாப்பில் மூன்று ஷிப்ட். லேத்திலும் (இரும்பைக் கடையும் மெஷின்) டிரில்லிங்கிலும் இருப்பவர்கள் எட்டு மணி நேரமும் சிமெண்ட் தரையில்தான் நிற்க வேண்டும், ராத்திரி ஷிப்ட் முடிந்து காலையில் கிளம்பும்போது கணுக்கால் வீங்கிப் போய் ஷூவை மாட்ட முடியாமல் திணறுவார்கள்.

வாங்கலாம், ஆனால் எது என்று பார்த்து வாங்குங்கள்.

கடையில் முதலில் ஃபோம் மேட்டைத்தான் காட்டுவார்கள். விலை குறைவு, கால் வைத்ததும் மெத்தென்று இருக்கும். லேத்துக்கு அது ஆகாது. சூடான இரும்புச் சுருள் விழுந்தால் பொத்துப்போகும், கூலண்ட் (வெட்டும்போது சூடு தணிக்க ஊற்றும் திரவம்) மேலேயே தேங்கி வழுக்கும், நிற்கிற இடம் மட்டும் சீக்கிரமே சப்பையாகிவிடும். நாங்கள் எடுத்தது நைட்ரைல் ரப்பர், வட்ட வட்டமாக ஓட்டை போட்டது, அரை இஞ்சுக்குக் கொஞ்சம் கூடுதலான கனம். எண்ணெய் பட்டால் சாதாரண ரப்பர் உப்பிவிடும், நைட்ரைல் தாங்கும். சுருளும் கூலண்டும் ஓட்டை வழியாகக் கீழே இறங்கிவிடுகின்றன. ஓரம் சரிவாக இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள், இல்லாவிட்டால் ஜாப்பை, அதாவது கடைய வேண்டிய இரும்பை, தூக்கிக்கொண்டு வருகிறவர் தடுக்கி மெஷின் மேல்தான் விழுவார். குறை என்றால், செம வெயிட். தூக்கிக் கழுவ இரண்டு பேர் வேண்டும், கழுவாமல் விட்டால் அடியில் நாற்றம் பிடித்துவிடும்.

அசையாமல் நின்றால் கெண்டைக்கால் சதை வேலை செய்யாது, ரத்தம் மேலே ஏறாமல் காலிலேயே தங்கும், நரம்பு சுருட்டிக்கொள்வதற்கு அதுவும் ஒரு காரணம். மேட் லேசாக அமுங்கிக் கொடுப்பதால் கால் தானாகவே சின்னச் சின்னதாக அசைந்துகொண்டிருக்கிறது. லேத் ஓட்டும் எங்கள் மூத்த டர்னர் அண்ணன், "கால் கடுப்பு குறைஞ்சிருச்சு தம்பி, இடுப்புதான் விடமாட்டேங்குது" என்றார். அவர் நல்ல உயரம், மேட் போட்டதும் இன்னும் அரை இஞ்ச் உயர்ந்துவிட்டார், கைப்பிடி அந்த அளவுக்குத் தாழ்ந்துபோனது. மெஷினுக்கு அடியில் பேக்கிங் கொடுத்து, லெவல் பார்த்து, கைப்பிடியை முழங்கை உயரத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் அவர் குனிவது நின்றது. மேட் வாங்குகிறவர்கள் இதையும் சேர்த்தே யோசியுங்கள்.

அப்புறம் ஸ்டூல். நின்று வேலை செய்கிறவருக்கு, இடையில் கிடைக்கும் நேரத்தில் உட்கார இடம் தர வேண்டும் என்று 1948-ம் வருடத் தொழிற்சாலைகள் சட்டமே 44-வது பிரிவில் சொன்னது. தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கும் 2021-ல் அந்த உரிமை வந்துவிட்டது. ஆட்டோ ஃபீடில், அதாவது மெஷின் தானாகவே நகர்ந்து வெட்டிக்கொண்டு ஓடும்போது, பக்கத்திலேயே உயரமான ஸ்டூலில் சாய்ந்தபடி பார்த்துக்கொள்ளலாம், வேலை ஒன்றும் கெடாது. "உட்கார்ந்தால் தூங்கிவிடுவான்" என்கிற முதலாளிகளிடம் ஒன்று சொல்கிறேன்: விடியற்காலை மூன்று மணிக்கு நின்றுகொண்டிருந்தாலும் கண் சொக்கத்தான் செய்யும், உடம்பின் கடிகாரம் அப்படி. அதற்கு ஷிப்டைக் காலை, மதியம், ராத்திரி என்ற வரிசையில் மாற்றுங்கள், தலைகீழாக மாற்றினால் உடம்பு பழகுவதற்கு ரொம்பச் சிரமப்படும். ராத்திரி ஒரு மணிக்குப் பரோட்டாவும் சால்னாவும் மதுரையில் எங்கும் கிடைக்கும்தான், ஆனால் அந்த நேரத்துக்கு இட்லி போதும்.

மேட் விலை ஒரு ஆளின் மூன்று நான்கு நாள் கூலி இருக்கும். வாங்கும் முன் ஒரு சின்னத் துண்டு கேட்டு வாங்கி, நீங்கள் பயன்படுத்தும் எண்ணெயிலேயே ஒரு ராத்திரி ஊறப் போடுங்கள். காலையில் உப்பியிருந்தால் அது நைட்ரைல் இல்லை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.