மேகமா, பெட்டியா, கருவியா: சிங்கப்பூரில் உணர்கருவித் தரவை எங்கே அலசுவது?

விளிம்புக் கணிமையை (edge computing), அதாவது தரவை அது பிறக்கும் இடத்திலேயே அலசும் முறையை, விற்க வருகிறவர்கள் முதலில் பேசுவது வேகத்தைப் பற்றித்தான். உணர்கருவி தரும் தரவு எங்கோ இருக்கும் தரவு நிலையத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் காரியம் கெட்டுவிடும், ஆகவே பக்கத்திலேயே ஒரு கணினியை வைத்து அலச வேண்டும் என்பார்கள். பாலைவனத்து எண்ணெய்க் குழாய்க்கு அது சரியான வாதம். இன்று உணர்கருவிகள் பரவலாகப் பேசும் எம்கியூடிடி என்ற தகவல் நெறிமுறையே 1999-இல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிப்பதற்காகப் பிறந்ததுதான்.

சிங்கப்பூரில் கணக்கு வேறு. தீவின் கிழக்குக் கோடிக்கும் மேற்குக் கோடிக்கும் இடையே ஏறத்தாழ 50 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு கிலோமீட்டரைக் கடக்க 5 மைக்ரோவினாடி ஆகும். முழுத் தீவையும் கடந்து திரும்ப அரை மில்லிவினாடி போதும். அமேசான் 2010-இலேயே தனது மேகக் கணிமை நிலையங்களை, அதாவது இணையம் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் கணினிகளின் நிலையங்களை, இங்கே திறந்துவிட்டது. கூகலுக்கும் மைக்ரோசாஃப்ட்டுக்கும் இங்கே நிலையங்கள் உண்டு. வைஃபை, ரூட்டர் ஆகியவற்றின் தாமதத்தைச் சேர்த்தாலும் சில மில்லிவினாடிகளில் பதில் வந்துவிடும். நீங்கள் வாங்கிய மலிவான கருவி அமெரிக்க மேற்குக் கரையில் உள்ள சர்வரோடு பேசினால் போய்வர 150 மில்லிவினாடிக்கு மேல் ஆகும். அது கருவியைத் தேர்ந்தெடுத்ததில் உள்ள பிரச்சினை. உள்ளூர் நிலையத்துக்கு மாறினாலே தீர்ந்துவிடும். கதவு திறந்திருக்கிறது என்று சொல்லவும், குளிர்ப்பதன அறை சூடாகிறது என்று சொல்லவும் சில மில்லிவினாடி தாமதம் ஒரு தடையே அல்ல.

அப்படியானால் இங்கே விளிம்புக் கணிமைக்கு என்ன வேலை? நிறைய இருக்கிறது. ஆனால் அதற்கான காரணங்கள் மூன்று கேள்விகளில் இருக்கின்றன: வீட்டையோ கடையையோ விட்டு எந்தத் தரவு வெளியே போகலாம்? இணைப்பு அறுந்தால் யார் கவனித்துக்கொண்டிருப்பார்? இரண்டு வருடம் கழித்து இதை யார் பராமரிப்பார்?

போட்டியில் இருப்பவை மூன்று. முதலாவது, எல்லாத் தரவையும் அப்படியே மேகத்துக்கு அனுப்பி அங்கே அலசுவது. இரண்டாவது, இடத்திலேயே ஒரு கேட்வே பெட்டியை வைத்து, சுற்றியுள்ள உணர்கருவிகளின் தரவை அதில் அலசி, முடிவை மட்டும் வெளியே அனுப்புவது. மூன்றாவது, உணர்கருவிக்குள் இருக்கும் சிறிய சில்லிலேயே அலசலை முடித்துவிடுவது.

எவ்வளவு தரவு என்பதை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் விற்பனையாளர்கள் இதைக் குழப்புகிறார்கள். நிமிடத்துக்கு ஒரு முறை 100 பைட் அனுப்பும் வெப்பநிலை உணர்கருவி ஒரு நாளில் 144 கிலோபைட் அனுப்புகிறது. கைப்பேசியில் எடுத்த ஒரு படத்தைவிடக் குறைவு. ஒரு பம்பின் அதிர்வை மூன்று திசைகளில் வினாடிக்கு 10,000 முறை அளந்தால் ஒரு நாளில் 5 கிகாபைட்டைத் தாண்டும். வினாடிக்கு 4 மெகாபிட் வீதம் பதிவு செய்யும் ஒரு கேமரா ஒரு நாளில் 43 கிகாபைட் தருகிறது. எட்டுக் கேமராக்கள் இருந்தால் 345 கிகாபைட். இதையும் நம் ஊர்க் கண்ணாடி இழை இணைப்பு தாராளமாகத் தாங்கும். தாங்காதது மாதக் கடைசியில் வரும் மேகக் கணிமைக் கட்டணம். எனவே வெப்பநிலைக்காக மட்டும் விளிம்புக் கணினி வாங்கச் சொல்பவர் தரவு அளவைக் காரணம் காட்டினால் நம்பாதீர்கள். அதிர்வுக்கும் கேமராவுக்கும் அது உண்மையான காரணம்.

உணவகத்தின் குளிர் அறை

சிராங்கூன் சாலைப் பக்கம் உணவகம் நடத்தும் ஒருவருடைய குளிர் அறைக்கு முதலில் மேகம் மட்டுமே பயன்பட்டது. வெப்பநிலை ஒரு வரம்பைத் தாண்டினால் கைப்பேசிக்கு எச்சரிக்கை வரும். அவர் என்னிடம் சொன்னது: “தம்பி, ராத்திரியில் நாலு தடவை சும்மா அலறினால் ஐந்தாவது தடவை நான் போனையே பார்க்க மாட்டேன்.”

அவர் சொன்னதில் ஒரு முழுப் பாடமே இருக்கிறது. ஃப்ரீசரின் குளிர்ச்சிச் சுருள்களில் பனி படியும்; அதை உருக்க இயந்திரம் ஒரு நாளில் சில முறை தானாகவே குளிர்விப்பதை நிறுத்தும். அப்போது அறைக் காற்றின் வெப்பநிலை ஏறும், உள்ளே உறைந்திருக்கும் மீனுக்கோ இறைச்சிக்கோ ஒன்றும் ஆகாது. கதவைத் திறந்து பொருள் எடுக்கும்போது வெப்பநிலைக் கோடு செங்குத்தாக ஏறி, கதவை மூடியதும் இறங்கும். கம்ப்ரெசர் பழுதானால் மட்டும் கோடு மெதுவாக, விடாமல், இறங்காமல் ஏறிக்கொண்டே போகும். மூன்றுக்கும் மூன்று வடிவங்கள். ஒரே ஒரு வரம்பை வைத்து அலறும் கருவிக்கு மூன்றும் ஒன்றுதான்.

தீர்வு எளிமையானது. உணர்கருவியின் முனையைக் கிளைக்கால் (glycol) என்ற எளிதில் உறையாத திரவம் நிரப்பிய சிறு புட்டிக்குள் வைத்தால் அது காற்றின் சூட்டைக் காட்டாமல் உணவுப் பொருளின் சூட்டுக்கு நெருக்கமாகக் காட்டும். அதற்கு மேல், கடந்த அரை மணி நேரத்தின் ஏற்றச் சரிவையும், பனி உருக்கும் நேரங்களையும், கதவு உணர்கருவியையும் சேர்த்துப் பார்க்கும் ஒரு சிறிய விதி. இதற்குச் செயற்கை நுண்ணறிவுகூடத் தேவையில்லை. கேட்வே பெட்டியாக வைக்கும் ராஸ்பெர்ரி பை என்ற கையளவு கணினி தூங்கிக்கொண்டே செய்யும் வேலை. சிங்கப்பூர் உணவு அமைப்பு 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையை உணவுக்கு ஆபத்தான எல்லையாகச் சொல்கிறது. அந்த எல்லைக்குள் உணவு எவ்வளவு நேரம் இருந்தது என்பதைப் பெட்டியே கூட்டி வைத்துக்கொள்ளலாம்.

இந்த விதியை மேகத்திலும் எழுதலாமே என்று கேட்பது நியாயம். எழுதலாம். வேறுபாடு இணைப்பு அறும்போது தெரியும். இணையம் போனாலும் பெட்டி தொடர்ந்து அளக்கும், சமையலறையில் மணி அடிக்கும், பதிவைச் சேமித்து வைத்து இணைப்பு வந்ததும் அனுப்பும். ஆனால் கடையில் மின்சாரமே போனால் பெட்டியும் சேர்ந்து அணைந்துவிடும். அணைந்துவிட்டேன் என்று அதனால் யாருக்கும் சொல்ல முடியாது. ஆகவே, பெட்டி ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை மேகத்துக்கு ஒரு சிறு செய்தி அனுப்ப வேண்டும். செய்தி நின்றால் மேகம் எச்சரிக்க வேண்டும். இந்த ஏற்பாடு இல்லாத விளிம்புக் கணிமையை, எவ்வளவு விலை உயர்ந்த பெட்டியாக இருந்தாலும், நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

தனியாக இருக்கும் மூத்தவரின் வீடு

2030-இல் சிங்கப்பூர்க் குடிமக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் 65 வயதோ அதற்கு மேலோ ஆனவராக இருப்பார். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் அம்மா தனியாக இருக்கிறார், மகள் வேலைக்குப் போகிறார், கழிவறையில் வழுக்கி விழுந்தால் யாருக்குத் தெரியும்? இந்தக் கவலையோடுதான் பலர் இத்துறைக்குள் வருகிறார்கள். இங்கே என் முடிவில் தயக்கமே இல்லை. அலசல் கருவிக்குள்ளேயே முடிய வேண்டும்.

கழிவறையில் கேமரா என்ற பேச்சுக்கே இடமில்லை. 60 கிகாஹெர்ட்ஸ் ரேடார் உணர்கருவி படம் எடுப்பதில்லை; அறைக்குள் அசையும் உடலை ஒரு புள்ளிக் கூட்டமாகப் பார்க்கிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் இடம், உயரம், வேகம் என்று சில எண்கள். நிற்கும் மனிதரின் புள்ளிகளின் நடு உயரம் ஒரு மீட்டர் அளவில் இருக்கும். விழும்போது அது ஒரு வினாடி அளவில் தரையை ஒட்டி இறங்கி, அங்கேயே தங்கிவிடும். உள்ளே இருக்கும் சில்லு இந்த எண்களைப் பார்த்து ‘விழுந்தார்’ என்ற ஒரே சொல்லை வெளியே அனுப்பினால் போதும். அவர் எப்போது எழுந்தார், எத்தனை முறை கழிவறைக்குப் போனார் என்பவை எங்கும் சேர வேண்டிய அவசியம் இல்லை.

இதில் ஒரு சிக்கல் நம் வீடுகளுக்கே உரியது. நம் பாட்டிமார் தரையில் உட்காருவார்கள். பூசை அலமாரியின் முன் விழுந்து கும்பிடுவார்கள், கீழே அமர்ந்து கீரை ஆய்வார்கள், பேரப்பிள்ளையோடு பாயில் படுப்பார்கள். நாற்காலியில் அமரும் பழக்கம் உள்ள வீடுகளின் தரவைக் கொண்டு பழக்கப்பட்ட மாதிரிக்கு (தரவிலிருந்து கற்ற நிரலுக்கு) இவை எல்லாமே ‘விழுந்தார்’ என்று தோன்றக்கூடும். உண்மையான விழுகைக்கும் உட்காருவதற்கும் உள்ள வேறுபாடு இறங்கும் வேகத்திலும், அதன் பிறகு வரும் அசைவிலும் இருக்கிறது. அந்த நுணுக்கத்தைக் கருவிக்குக் கற்பிக்க வேண்டுமானால் பல வீடுகளிலிருந்து, ஒப்புதலோடு, பயிற்சித் தரவு வேண்டும். அதைப் பயிற்றுவிக்கும் கணினி மேகத்தில்தான் இருக்கும். பயின்ற மாதிரியைச் சுருக்கிக் கருவிக்குள் இறக்குவார்கள். இஎஸ்பி32 போன்ற சில்லில் இருப்பது 520 கிலோபைட் நினைவகம். அதற்குள் அடங்கும்படி செதுக்குவது ஒரு கைத்திறன். ‘எங்கள் கருவி எல்லா வீட்டுக்கும் பொருந்தும்’ என்று சொல்பவரிடம், தரையில் உட்காரும் வீட்டில் சோதித்தீர்களா என்று கேளுங்கள்.

இன்னொன்று. முடிவு கருவிக்குள் பிறந்தாலும் செய்தி வெளியே போக வழி வேண்டும். வீட்டு வைஃபை மட்டும் போதாது, சிம் அட்டை வழியாக ஒரு மாற்றுப் பாதை இருக்க வேண்டும். சிங்கப்பூரில் 3ஜி சேவை 2024-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய 3ஜி கருவியை மலிவாக வாங்கி மாட்டினால் ஆபத்து நேரத்தில் அது வாயே திறக்காது.

மேகம் எங்கே வெல்கிறது

தொழிற்சாலைப் பம்பைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. அதிர்வைக் கருவியே அலைவரிசைகளாகப் பிரித்து, நிமிடத்துக்குச் சில நூறு பைட் சுருக்கத்தை அனுப்பட்டும். விநோதமான அதிர்வு தென்பட்டால் மட்டும் மூலத் தரவை அனுப்பட்டும். துவாஸிலும் ஜூரோங்கிலும் இத்துறையில் இருப்பவர்கள் இதை ஏற்கெனவே அறிவார்கள்.

மேகத்தை யாராலும் வெல்ல முடியாத இடம், பல இடங்களை ஒப்பிடுவது. ஒருவருக்கு ஆறு கடைகள் இருந்தால், ஒரு கடையின் குளிர் அறை மட்டும் ஏன் மற்றவற்றைவிட அதிக மின்சாரம் தின்கிறது என்பது ஆறு பெட்டிகளில் எதற்கும் தெரியாது. எல்லாச் சுருக்கங்களும் ஓரிடத்தில் சேர்ந்தால்தான் தெரியும். பழைய பதிவுகளைக் காப்பதும், மாதிரிகளைப் பயிற்றுவிப்பதும் அங்கேயே நடக்கட்டும்.

ஆனால் எல்லாவற்றையும் அங்கே குவிப்பதற்கு விலை உண்டு. 2020-இல் சிங்கப்பூரின் மொத்த மின்பயனீட்டில் ஏறத்தாழ 7 விழுக்காடு தரவு நிலையங்களுக்குப் போனது. 2019 முதல் சில ஆண்டுகளுக்குப் புதிய நிலையங்களுக்கு அனுமதியே நிறுத்தி வைக்கப்பட்டது. 2023 அக்டோபர் 14 அன்று ஒரு தரவு நிலையத்தின் குளிர்விப்புக் கோளாறால் இரண்டு வங்கிகளின் சேவை முடங்கியது. 2024 செப்டம்பரில் லோயாங்கில் ஒரு தரவு நிலையத்தில் தீ. எவ்வளவு பெரிய நிறுவனம் நடத்தினாலும், அந்த நேரத்தில் கழிவறையில் விழுந்தவருக்கு அது ஆறுதல் ஆகாது.

மேகச் சேவையே மூடப்படுவதும் உண்டு. உணர்கருவிகளை மேகத்தோடு இணைக்கும் தனது ஐஓடி கோர் சேவையைக் கூகல் 2023 ஆகஸ்ட் 16 அன்று நிறுத்தியது. ஒரே நிறுவனத்தின் கதவு வழியாகத்தான் தரவு போகும் என்று கட்டிவிட்டால் இப்படி ஒரு நாளில் எல்லாவற்றையும் பிரித்துக் கட்ட வேண்டும்.

பெட்டியின் குறைகள்

பெட்டியைப் புகழ்ந்துவிட்டு அதன் குறையை மறைப்பது தவறு. முதல் எதிரி சூடு. ராஸ்பெர்ரி பை 80 டிகிரி செல்சியஸை எட்டியதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நம் ஊரில் வெளிக்காற்றே பகலில் 31, 32 டிகிரி. காற்றோட்டமில்லாத அலமாரியில், குளிர்பதன இயந்திரத்தின் பக்கத்தில் மாட்டினால் சொல்லவே வேண்டாம். இரண்டாவது, எஸ்டி கார்டு. வினாடிக்கு வினாடி எழுதிக்கொண்டே இருந்தால் அது தேய்ந்து போகும். ஒரு நாள் பெட்டி எழவே எழாது. தரவுப் பதிவுக்கு எஸ்எஸ்டி என்ற, அதிக எழுத்தைத் தாங்கும் சேமிப்பகத்தை வையுங்கள்.

மூன்றாவது மிகப் பெரியது: பாதுகாப்பு. மேகத்தின் ஓட்டைகளை அடைக்கச் சம்பளம் வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் பெட்டிக்கு யார்? 2016 அக்டோபர் 22, 24 தேதிகளில் தொலைத்தொடர்பு நிறுவனமான ஸ்டார்ஹப்பின் வாடிக்கையாளர்களின் இணைய இணைப்பு தடைப்பட்டது. வாடிக்கையாளர்களின் வீடுகளில் இருந்த, ஊடுருவப்பட்ட கருவிகளிலிருந்தே தாக்குதல் வந்ததாக அந்நிறுவனம் அப்போது சொன்னது. கவனிப்பாரற்ற ஒவ்வொரு பெட்டியும் அப்படி ஓர் ஆயுதமாகலாம். இணையப் பாதுகாப்பு அமைப்பு 2020-இல் தொடங்கிய முத்திரைத் திட்டம் கருவிகளை நான்கு நிலைகளாகத் தரம் பிரிக்கிறது. முத்திரை இல்லாத கருவியை வாங்காதீர்கள் என்றே சொல்வேன்.

மென்பொருளில், அமேசானின் கிரீன்கிராஸும் மைக்ரோசாஃப்ட்டின் ஐஓடி எட்ஜும் தொலைவிலிருந்து பல பெட்டிகளுக்குப் புதுப்பிப்பு அனுப்ப வசதியானவை. பத்துக்கு மேல் பெட்டிகள் இருந்தால் அவற்றையே எடுங்கள். ஒரு வீடு, ஒரு கடை என்றால் ஹோம் அசிஸ்டண்ட் அல்லது நோட்-ரெட் போதும். இரண்டுமே திறமூல மென்பொருள்கள் (நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம்), யாரும் ஒரே நாளில் மூடிவிட முடியாது. கேமரா வேண்டாத இடத்தில் படங்களை அலசும் என்விடியா ஜெட்சன் என்ற சிறு கணினியை வாங்குவது வீண். வரிசையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணும் கேமராவுக்கு அது பொருந்தும். எண்ணிக்கை மட்டும் வெளியே போகட்டும், முகங்கள் பெட்டிக்குள்ளேயே அழியட்டும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வணிகர் சேர்த்து வைக்கும் ஒவ்வொரு முகமும் அவர் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு. சேர்க்காத முகத்துக்கு அந்தச் சுமை இல்லை.

வாங்குவதற்கு முன் விற்பனையாளரை உங்கள் இடத்துக்கே வரச் சொல்லுங்கள். கருவியை மாட்டி இயக்கிக் காட்டியதும், முதலில் இணைய வடத்தைப் பிடுங்கி ஒரு மணி நேரம் விட்டுவிட்டு என்ன நடக்கிறது என்று பாருங்கள். பிறகு அதை மீண்டும் செருகிவிட்டு மின்சாரத்தை நிறுத்துங்கள். முதல் சோதனையில் இடத்திலேயே மணி அடிக்க வேண்டும், இரண்டாவதில் உங்கள் கைப்பேசிக்குச் செய்தி வர வேண்டும். இரண்டில் ஒன்று நடக்காவிட்டாலும் பணம் கொடுக்காதீர்கள்.